எங்கள் வீட்டில் இரண்டு புரமோஷன்

எங்கள் வீட்டில் ஒரே காலத்தில் இரண்டு பேர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தோம். ஒருவர் அப்பா. பாராடாங் ஃபெர்ரியில் லஸ்கர். இன்னொருவர் நான். ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி.

அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் சாலை கடல் குறுக்கிடும் இடத்தில் நின்றுவிடும். அங்கே பஸ், லாரி, கார், ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற தட்டையான படகில்தான் அப்பாவுக்கு வேலை. கயிறு வீசுவது, சரிவுப் பலகையை இறக்குவது, பின்பக்கமாக வருகிற பஸ் டிரைவருக்கு "ஆனே தோ, ஆனே தோ" என்று ஹிந்தியில் வரச்சொல்லிக் கத்துவது, இதெல்லாம் லஸ்கரின் வேலை. மேலே கண்ணாடி அறையில் நின்று சுக்கான் பிடிக்கிறவர் செராங். அப்பா செராங் பரீட்சையை எப்போதோ பாஸ் செய்துவிட்டார். ஆனால் அவருக்கு முன்னால் சீனியாரிட்டி லிஸ்ட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது ஓய்வு பெற வேண்டும்.

எனக்கும் அதே கதைதான். விமானத்தில் இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை துணை விமானிக்கு. வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போக ஒரு கை நீளம்தான். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது நம் திறமையை மட்டும் பொறுத்தது இல்லை. பறந்த மணிநேரம் சேர வேண்டும், பெரிய லைசென்ஸுக்கான பரீட்சைகள் முடிய வேண்டும், நிறுவனம் புது விமானங்கள் வாங்க வேண்டும், முன்னால் இருப்பவர்கள் நகர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் மனிதவளத் துறையிலிருந்து வந்த பெண்மணி, "இப்போது இருக்கும் வேகத்தில் நாலைந்து வருடத்தில் கேப்டன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அதை அப்படியே நம்பி வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அப்போ இப்ப நீ என்னட்டி செய்வ? கண்டக்டர் மாதிரியா?"

"இல்லம்மா. நானும் ஓட்டுவேன். ஒரு தடவ அவர், ஒரு தடவ நான்."

"அவரு ஓட்டும்போது நீ சும்மாதான இருப்ப?"

ரேடியோ பேசுவது, கருவிகளைக் கண்காணிப்பது, சரிபார்ப்புப் பட்டியல் வாசிப்பது என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம், "என் மக பிளேன்ல அசிஸ்டென்ட்" என்று ஹிந்தியில் சொல்வது போனிலேயே கேட்டது.

சின்ன வயதிலேயே வானத்தைப் பார்த்துக் கனவு கண்டேன் என்று நான் சொன்னால் அது பொய். எங்கள் வீடு போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் இருக்கிறது. இறங்குகிற விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலேயே போகும். விமானம் வந்தால் டிவியில் வசனம் கேட்காது என்பதுதான் எனக்கும் தம்பிக்கும் விமானத்தோடு இருந்த உறவு. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் நன்றாக வந்ததால், என்ன படிக்கலாம் என்று தேடியபோது விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. மெயின்லேண்ட் போய்ச் சேர்ந்தேன். முதல் முறை ஒரு சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டிவிட்டுக் கீழே இறங்கியபோதுதான், இனி வேறு வேலை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்தது.

லைசென்ஸ் வாங்கியதும் வேலை வரவில்லை. எந்த நிறுவனமும் ஆள் எடுக்காத காலம். லைசென்ஸை அலமாரியில் வைத்துவிட்டு, புரோத்ராபூர் வீட்டு வாசலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். பிள்ளைகள் என்னை 'பைலட் மிஸ்' என்று கூப்பிட்டார்கள். மேலே விமானம் போகும்போதெல்லாம் ஒரு வாண்டு, "மிஸ், உங்க வண்டி போவுது" என்பான். எனக்குக் கோபம் வராது. அப்படிப் போன இரண்டு வருடங்களிலும் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

வேலை கிடைத்துச் சேர்ந்ததும் தோளில் இரண்டு பட்டை, பிறகு மூன்று. டெல்லி, கொச்சி, குவாஹாத்தி என்று எங்கெங்கோ தரையிறக்கினேன். ஒரே ஒரு ஊரில் மட்டும் முடியாது. அது எங்கள் ஊர்.

போர்ட் பிளேர் ஓடுபாதை கொஞ்சம் சரிவானது. மறுமுனையில் மேடு. மழைக்காலத்தில் காற்றும் மேகமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் எங்கள் நிறுவனத்தில் அங்கே தரையிறக்குவதும் கிளம்புவதும் கேப்டனின் வேலை. துணை விமானி கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு மேலேயே பறந்துபோகும்போது நான் உயரத்தையும் வேகத்தையும் வாசித்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே எங்கள் நீலத் தகரக் கூரையும் அதற்கு அடுத்த பாக்குத் தோட்டமும் கண்முன் வந்து போகும். ஒருமுறை ஒரு கேப்டன், "உன் வீடு இங்கேதானே? எது?" என்று கேட்டார். காட்டுவதற்குள் தாண்டிவிட்டோம்.

இந்த விஷயம் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஃபெர்ரியிலும் அப்படித்தானாம். நடுக்கடலில் சில சமயம் செராங் லஸ்கர் கையில் சுக்கானைக் கொடுப்பார். ஜெட்டி என்கிற படகுத்துறை நெருங்கும்போது வாங்கிக்கொள்வார்.

"உனக்கும் ஜெட்டி கிடையாது, எனக்கும் ஜெட்டி கிடையாது" என்று போனில் சிரித்தார். "சரி மக்கா, யாரு முதல்ல வாராங்கன்னு பாப்போம்."

அப்படித்தான் எங்கள் போட்டி ஆரம்பித்தது. வாராவாரம் ஒரு தரமாவது பேசுவோம். "உங்க லிஸ்ட்டு என்னாச்சு?" என்று நான் கேட்பேன். "ஒரு ஆளு நகந்துட்டாரு. ஹார்பர்ல இழுவைப் படகுக்கு மாத்திட்டாங்க" என்பார். பிறகு, "உன்னோடது?" "மூணு பேரு வளைகுடாவுக்குப் போயிட்டாங்க அப்பா." "அரே வா! மூணு பேரா? இது அநியாயம்." யாராவது நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் அவர்மீது திடீரென்று பாசம் பொங்கும். அம்மா ஒருநாள் எரிச்சலாகி, "ஊர்ல யாரு ரிட்டயர் ஆவுறா, யாரு வேலைய விடுறான்னு ரெண்டு பேரும் கணக்குப் பாக்கியளே, மாதா கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனார். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "சாமியாரே அவரு டிரான்ஸ்ஃபருக்குக் காத்துக்கிட்டிருக்காரு" என்றார்.

கொரோனா வந்தது. விமானங்கள் எல்லாம் வரிசையாக நிறுத்தப்பட்டன. லிஸ்ட் உறைந்துபோனது. அந்த மாதங்களில் நான் ஊரில்தான் இருந்தேன். தம்பியோடு கேரம் ஆடினேன், மீன் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன், கேப்டன் பரீட்சைக்கான வானிலைப் பாடத்தை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நிஜ மேகத்தைப் பார்த்தே படித்தேன். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது உண்மை. ஆனால் அப்பாவின் ஃபெர்ரி அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. "மக்கா, உன் கம்பெனி மூடுனா எங்க ஃபெர்ரிக்கு வா. கயிறு வீச ஆளு வேணும்" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. கயிறு வீசக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு, வீட்டுப் பின்புறம் தென்னைமரத்தைக் குறிவைத்து நாள் முழுக்க வீசினேன். மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் விழுந்தது.

விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கின. ஆனாலும் லிஸ்ட் நகரவில்லை. வர வேண்டிய புது விமானங்கள் தள்ளிப்போயின. அந்த மனிதவளத் துறைப் பெண்மணி சொன்ன நாலைந்து வருடம் எப்போதோ கடந்துபோயிருந்தது.

ஒரு மதியம் கொல்கத்தாவில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோது அப்பாவின் போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"நான் ஜெயிச்சிட்டேன்."

"என்ன ஜெயிச்சீங்க?"

"ஆர்டர் வந்துட்டு. செராங். அதே பாராடாங்ல. அரே, நம்பவே முடியல மக்கா. ஆபீஸ்ல என்னை உக்கார வச்சு சாய் குடுத்தாங்க."

நான் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சத்தமாகக் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீருடையில் இருக்கிறோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கிடைத்த முதல் விடுமுறையில் ஊருக்குப் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் அதிகாலைக் கான்வாயில் பாராடாங் கிளம்பினேன். காட்டுப் பாதை முடிந்து ஜெட்டி வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றோம். ஃபெர்ரி அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேலே கண்ணாடி அறையில் அப்பா. நாங்கள் வருவது அவருக்குத் தெரியும். ஆனால் எங்களைப் பார்க்கவே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நேரே ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருட்டி, மூஞ்சிய எப்பிடி வச்சிருக்காரு" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்பிடி இல்ல."

நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. ஃபெர்ரி கொஞ்சம் வளைந்து வந்து, ஜெட்டியை டொம்மென்று முட்டி நின்றது. முன்னால் நின்ற சுற்றுலாப் பயணிகள் ஒரு அடி பின்னால் போனார்கள். அப்பா இப்போதுதான் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த முட்டலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டோம். அவருடைய பழைய வேலையில் இப்போது இருக்கும் தெலுங்குப் பையன் கயிறு வீசினான். முதல் வீச்சிலேயே சரியாக விழுந்தது. நான் கைதட்டினேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

அன்றைக்கு மூன்று தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தோம். மேலே அந்த அறைக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உன் கேபின்ல என்னை விடுவியா? மாட்டல்ல. ரூல் ரூல்தான்." ஆனால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் சட்டையில் டீசல் வாசமும் புதுத் துணி வாசமும் சேர்ந்து அடித்தன.

"இப்ப உன் முறை" என்றார். "லேட் பண்ணாத. நான் ரிட்டயர் ஆவுறதுக்குள்ள வா."

அதற்கு அப்புறம் என் லிஸ்ட் மெல்ல அசைந்தது. புது விமானங்கள் ஒன்றிரண்டாக வந்தன. என் எண் மேலே ஏறியது. ஒரு நாள் மின்னஞ்சலில், கேப்டன் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வந்தது. அதைத் திறந்து படித்துவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மூடித் திறந்து இன்னொரு தரம் படித்தேன்.

பயிற்சி எளிதாக இல்லை. இவ்வளவு நாள் வலது கையால் செய்ததை இடது கையாலும், இடது கையால் செய்ததை வலது கையாலும் செய்யப் பழக வேண்டும். அதைவிடக் கஷ்டமானது வேறு ஒன்று. ஏதாவது நடந்தால் இதுவரை இயல்பாக இடது பக்கம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பேன். இப்போது இடது பக்கம் திரும்பினால் ஜன்னல்தான் இருக்கிறது. சிமுலேட்டரில் முதல் நாள் ஒரு எஞ்சின் தீ வந்தபோது நான் நிஜமாகவே ஜன்னலைத்தான் பார்த்தேன். பின்னால் இருந்த பயிற்றுநர், "அங்கே யாரும் இல்லை, மேடம்" என்றார். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அன்றைய பயிற்சியை இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அதையும் செய்தேன். அப்புறம் பல வாரங்கள் பயிற்சி கேப்டன்கள் வலது பக்கம் உட்கார்ந்து பார்க்க, நான் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டினேன். கடைசிப் பரிசோதனைப் பயணம் முடிந்து, கதவருகே நின்று கை கொடுத்தார்கள். என் தோளில் நாலாவது பட்டை வந்தது.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ இனிமே நீயே ஓட்டுவியா?"

"ஆமாம்மா. நானே ஓட்டுவேன்." இந்தத் தடவை விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

அம்மா போனை வைக்காமலே வெளியே ஓடி, பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் கத்திச் சொன்னது கேட்டது. அவர் அம்மாவை விட அதிகமாகக் கத்தினார். அப்பா மட்டும் விஷயத்துக்கு நேரே வந்தார்.

"எப்ப நம்ம ஊர்ல இறக்குற?"

அங்கேதான் இன்னொரு சிக்கல். புது கேப்டன்கள் உடனே போர்ட் பிளேருக்குப் போக முடியாது. வேறு ஊர்களில் கேப்டனாகச் சில மாதங்கள் ஓட்டிப் பழகிய பிறகுதான், அதற்கென சிமுலேட்டரில் தனிப் பயிற்சி எடுத்துப் போகலாம். இதைச் சொன்னதும் அப்பா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "கேப்டனாயிட்ட, வீட்டுக்கு வர முடியல. எங்க டிபார்ட்மென்ட்டே தேவலாம் போலிருக்கே!"

அந்த மாதங்களும் போயின. பயிற்சியும் முடிந்தது. அடுத்த மாதப் பணிப்பட்டியலில் சென்னை – போர்ட் பிளேர் என்று என் பெயருக்கு நேரே இருந்தது. அப்பாவும் அம்மாவும் அப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். திரும்பும் பயணத்தை என் விமானத்துக்கே மாற்றினேன். ஊழியர் குடும்பத்துக்கான டிக்கெட். அதாவது கடைசியில் இடம் மிஞ்சினால்தான் ஏற முடியும்.

"இதுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்டா?" என்றார் அப்பா.

இடம் கிடைத்தது. இரண்டு பேரும் விமானத்தில் ஏறியபோது நான் வாசலில் நின்றேன். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். என் தோள் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். பின்னால் நின்ற பயணிகள் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அப்பா மட்டும் விறைப்பாக, "குட் மார்னிங், கேப்டன் சாப்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வானம் பாதி வழி வரை தெளிவாக இருந்தது. தீவுகள் நெருங்க நெருங்க மேகம் கூடியது. போர்ட் பிளேரில் மழை பிடித்துக்கொண்டது. நான் இறக்கத் தொடங்கினேன். எங்களுக்கு ஒரு உயரம் உண்டு. அந்த உயரம் வரைக்கும் இறங்கலாம், அதற்குள் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அந்த உயரம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு எதுவும் இல்லை. மேலே ஏற்றினேன்.

கடலுக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தோம். மழை கொஞ்சம் விட்டதாகக் கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். இரண்டாம் தரம் இறங்கினேன். இந்த முறை ஒரு கணம் மேகம் விலகி பச்சையாக ஏதோ தெரிந்தது. பாக்குத் தோட்டமாக இருக்கலாம். எங்கள் வீடாகக்கூட இருக்கலாம். ஆனால் ஓடுபாதை தெரியவில்லை. வலது பக்கத்தில் இருந்த துணை விமானி, லக்னோ பையன், என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எத்தனை வருடம் அப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்! திரும்பவும் மேலே ஏற்றினேன்.

எரிபொருள் திரும்பிப் போவதற்குப் போதுமான அளவில் இருந்தது. இன்னும் ஒரு வட்டம் காத்திருந்தால் அது குறையும். "சென்னை" என்றேன். அவன் உடனே வழியை மாற்றிப் போட்டான்.

ஒலிபெருக்கியில் பேச வேண்டும். முதலில் ஆங்கிலத்தில், பிறகு ஹிந்தியில், கடைசியில் தமிழில் சொன்னேன். "போர்ட் பிளேரில் வானிலை சரியில்லாததால் நாம் சென்னைக்குத் திரும்புகிறோம். சிரமத்துக்கு மன்னிக்கவும்." சொல்லி முடித்ததும் நெஞ்சு கனக்கும் என்று நினைத்தேன். கனக்கவில்லை. வியப்பாக, லேசாக இருந்தது. அந்த விமானத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டியவள் நான். எடுத்துவிட்டேன்.

பின்னால் என்ன நடந்தது என்பதை அம்மாதான் பிறகு நடித்துக் காட்டினாள். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வியாபாரி, "இது என்ன கேப்டன்! இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறாங்க" என்று ஹிந்தியில் சலித்துக்கொண்டாராம். அப்பா அவர் பக்கம் முழுசாகத் திரும்பி, "மழ நின்னா இறங்கும். நிக்கலன்னா இறங்காது. ஓட்டுறது மேரி பேட்டி, என் மக. எனக்குத் தெரியும்" என்றாராம். அவ்வளவுதான். அந்த வியாபாரி சென்னை வரை அப்பாவிடம் தன் மகனுக்கு பைலட் ஆக என்ன படிக்க வேண்டும், கேப்டனாக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். "லிஸ்ட் நகரணும்" என்று அப்பா சொன்னாராம்.

அன்று மாலை மூன்று பேரும் பல்லாவரத்தில் ஒரு சின்னக் கடையில் புரோட்டா சாப்பிட்டோம். தூத்துக்குடியில் வாங்க மறந்த பித்தளைக் குத்துவிளக்கை அதற்குள் அம்மா எங்கேயோ தேடி வாங்கியிருந்தாள். விமானம் திரும்பியதில் மிகவும் சந்தோஷப்பட்ட ஒரே பயணி அவள்தான்.

"வெளக்கு கெடச்சிட்டுல்ல, நாளைக்கு இறக்கிரு" என்றாள்.

அப்பா குருமாவைத் தொட்டுக்கொண்டே, போன மழையில் தான் ஃபெர்ரியைக் கட்டிவைத்துவிட்டு, கான்வாயில் வந்த அத்தனை பஸ்களும் ஹாரன் அடிக்க அடிக்கச் சும்மா நின்ற கதையைச் சொன்னார். "ஒரு டிரைவரு என் பாட்டனையே திட்டுனான். நான் சாய் குடிச்சிக்கிட்டு நின்னேன்." நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேர் பேசிக்கொள்வது போலப் பேசிக்கொண்டிருந்தோம். யார் அப்பா, யார் மகள் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

மறுநாள் காலை அதே பயணிகளை ஏற்றிப் போக எங்களையே போட்டார்கள். வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. தீவுகள் வெகு தூரத்திலேயே தெரிந்தன. ஓரத்தில் வெளிர்நீலம், உள்ளே அடர்பச்சை. சக்கரங்களை இறக்கினேன். கோயில் கோபுரம் வந்தது. நான் படித்த பள்ளியின் மைதானம் வந்தது. எங்கள் நீலக் கூரை வந்தது. இந்த முறை அதை உற்றுப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. என் கண் ஓடுபாதையில் இருந்தது. காற்று கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளியது. சரிசெய்தேன். தரை எழும்பி வந்தது. சக்கரங்கள் தொட்டன. மெத்தென்றும் சொல்ல முடியாது, முரட்டுத்தனம் என்றும் சொல்ல முடியாது. தொட்டது. அவ்வளவுதான்.

பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. முதல் நாள் திரும்பிப் போனவர்கள் அல்லவா, அவர்களுக்கு ஊர் வந்த சந்தோஷம். துணை விமானி, "வெல்கம் ஹோம், மேடம்" என்றான். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓடுபாதையிலிருந்து திரும்ப வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது. அதனால் அழவில்லை.

பயணிகள் இறங்கும்போது வாசலில் நின்றேன். அந்த வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியாக அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். விறைப்பெல்லாம் போய், அப்பா என் தலையில் கை வைத்தார். அம்மாதான் பேசினாள்.

"வா, வீட்டுக்குப் போவலாம். கறி எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

"எப்படிம்மா வர்றது? இப்பவே திரும்பி சென்னைக்குப் போகணும். அங்கே ஆளு காத்திருக்காங்க."

அம்மா நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். "ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வர மாட்டாளா? என்ன வேலை இது?"

"ட்யூட்டி" என்றார் அப்பா. "நான் அக்கரைக்குப் போனா அங்கேயே நிப்பனா? திரும்பணும்ல." ஆனாலும் குத்துவிளக்குப் பையை ஒரு கையிலும் அம்மாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு படியில் இறங்கியவர், கீழே போய் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவர் சல்யூட் அடித்தார். அதைப் பார்த்து எங்கள் சரக்கு ஏற்றும் பையன்கள் இரண்டு பேரும் எனக்கு சல்யூட் அடித்தார்கள்.

எரிபொருள் நிரப்பினார்கள். புதுப் பயணிகள் ஏறினார்கள். போர்ட் பிளேரிலிருந்து கிளம்புவதும் என் கையில்தான். விமானம் மேலே எழும்பி, எங்கள் பகுதியைத் தாண்டி, கடலுக்கு மேல் திரும்பியது. தாண்டும்போது கீழே புரோத்ராபூர் சாலையில் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அது அவர்களுடையதாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சென்னையில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் அம்மாவின் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது.

"ஏட்டி, வீட்டுக்கு வந்து சேந்துட்டோம். நீ மேல போன சத்தத்துல கோழியெல்லாம் பயந்து செதறி ஓடிட்டு. கறுப்புக் கோழிய இன்னும் காணல. அடுத்த தடவ கொஞ்சம் மெதுவாப் போ."

நாள் முழுக்க அந்தக் கூரைக்கு மேல் எத்தனையோ விமானம் போகிறது. நான் விமானி அறையிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என்னவென்று துணை விமானி கேட்டான். ஹிந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் மிகவும் தீவிரமாக யோசித்துவிட்டு, "கோழி கிடைத்ததும் எனக்கும் சொல்லுங்கள், மேடம்" என்றான்.